இது வேலைங்களா?

வெள்ளைக்காரம்மா ஒருவர் எங்கள் மாடியில் குடிவந்த மறுநாளே, கீழ்வீட்டில் இருக்கும் எனக்கும் ஜெர்மன் வந்துவிட்டதாக நான் நம்ப ஆரம்பித்தேன். மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குவதுபோல மொழியும் இறங்கிவிடும் என்கிற நினைப்பு. நம்பியதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். திருப்பூர் வேலம்பாளையம் டீக்கடையில் நாலு பேர் காதுபட, "இனி ஜெர்மன் பனியன் ஆர்டரெல்லாம் நமக்குத்தானுங்க, ஊட்டுலயே ஆள் இருக்குது" என்று சொல்லியும் விட்டேன். நான் செய்த முட்டாள்தனங்களை வரிசையில் நிற்க வைத்தால் இது முன்வரிசையில்கூட நிற்காது. ஆனால் போலீஸை வரவழைத்த முட்டாள்தனம் இது ஒன்றுதான்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் எல்லாருக்கும் அவர் டீச்சர்; அது போதும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஜெர்மன் சொல்லித்தரும் பயிற்சி நிலையம் ஒன்று எங்கள் தெருமுனையில் இருந்தது. அங்கே பாடம் நடத்த ஜெர்மனியிலிருந்தே வரவழைக்கப்பட்டவர். ஐம்பதைத் தாண்டிய வயது, நல்ல உயரம், நரைத்த ஒற்றைச் சடை, காட்டன் சுடிதார், அதற்குக் கீழே மலை ஏறுகிறவர்கள் போடும் பூட்ஸ். தமிழை என் மனைவியிடம் கற்றுக்கொண்டதால் எதற்கும் ஒரு 'ங்க' போடாமல் பேசமாட்டார். மாடிப்படியில் படுத்திருக்கும் தெருநாயிடம்கூட, "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பார். நாய் தள்ளிப் படுக்கும். நான் சொன்னால் படுக்காது.

குடிவந்த புதிதில் ஒருநாள், காய்ந்த சேலையை மடிக்க என் மனைவி மறுமுனையை அவரிடம் நீட்டினாள். டீச்சர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது வேலைங்களா?"

"ஏனுங் டீச்சர், சேலை மடிக்கறதெல்லாம் ஒரு வேலைங்களா? சும்மா புடிங்க."

"சும்மா" என்கிற சொல்லைக் கேட்டதும் கைகள் முன்னால் வந்தன. எங்கள் மொழியில் அவருக்கு மிகவும் பிடித்த சொல் அதுதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்டு உறுதி செய்துகொள்வார். வாசலில் விழுந்து கிடக்கும் தென்னை மட்டையை ஓரமாக இழுத்துப் போடலாமா? எதிர்வீட்டுப் பெண் கடைக்குப் போய்வரும்வரை அவள் குழந்தையை மடியில் வைத்திருக்கலாமா? எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. இது வேலைங்களா? நான் முதலில் அதைச் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். சோம்பேறித்தனத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கும் திறமை எனக்கு உண்டு. கண்ணாடி முன்னால் நின்று பழகியது.

பிறகு முருகன் கோயில் அன்னதானத்தில் பாயசம் ஊற்றக் கூப்பிட்டார்கள். டீச்சர் கோயில் கமிட்டித் தலைவரிடமே போய், "இதுக்குச் சம்பளம் உண்டுங்களா?" என்று கேட்டார். அவர் பதறிப்போய், "அய்யோ, சாமி காரியமுங்க, சோறு மட்டுந்தானுங்க" என்றார். டீச்சர் நெடுநேரம் யோசித்தார். பந்தி முடியும்வரை வியர்க்க வியர்க்கப் பாயசம் ஊற்றினார். ஆனால் அங்கே ஒரு பருக்கை சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டார். கமிட்டித் தலைவர் என்னிடம் வந்து, "நம்ம சோத்துல என்னுங்க குத்தம்?" என்று வருத்தப்பட்டார். எனக்கே சங்கடமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் என் மனைவி கேட்டே விட்டாள். "ஏனுங் டீச்சர் இப்படிப் பயப்படறீங்க?"

அவர் சொன்னது இவ்வளவுதான். இங்கே வருவதற்கு முன்னால் வேறொரு நாட்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே ஒரு தோழி சின்னதாக காபிக் கடை வைத்திருந்தார். விடுமுறை நாட்களில் டீச்சர் அந்தக் கடைக்குப் போய், வரும் குழந்தைகளுக்கு ஜெர்மன் கதை படித்துக் காட்டினார். தோழி ஒரு துண்டு கேக் கொடுத்தார். யாரோ புகார் செய்தார்கள். விசாவில் இருந்தது பள்ளிக்கூடத்தின் பெயர். காபிக் கடை இரண்டாவது வேலை என்றார்கள், கேக்கைக் கூலி என்றார்கள். வருஷத்தின் நடுவில் நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள்.

"என் ஸ்கூல் பசங்களுக்கு நான் போய்ட்டு வரேன்னு சொல்லலீங்க. சொல்ல நேரமில்லீங்க" என்றார் டீச்சர். பிறகு எங்கள் இருவருக்கும் விதியை விளக்குகிற மாதிரி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். "விசாவுல ஒரு முதலாளி. ரெண்டாவது முதலாளி வந்தா நான் போகணுங்க."

அதற்குப் பிறகுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். மாடியில் அவருடைய பெட்டி எப்போதும் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. துணிகள் அலமாரிக்கு ஏறவே இல்லை. துவைத்து மடித்த சுடிதார் நேராகப் பெட்டிக்குள் போகும். தெருவில் போலீஸ் வண்டி போனால், அது முனை திரும்பும்வரை படிக்கட்டில் அசையாமல் நிற்பார்.

இப்படிப்பட்டவரை எங்கள் ஊரில் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்? திருப்பூரில் ஒரு மனிதரை வெறுங்கையோடு அனுப்புவது செருப்பால் அடிப்பதற்குச் சமம். கேஸ் சிலிண்டர் போட வந்தவர், குழந்தைக்கு ஊசி போட்ட டாக்டர், வழி தெரியாமல் கதவைத் தட்டியவர், யாராக இருந்தாலும் ஒரு கவரில் இரண்டு பனியன் போட்டுக் கொடுத்தால்தான் எங்களுக்கு மனசு ஆறும். நான் டீச்சருக்கு நீட்டிய கவர்கள் எல்லாம் கைபடாமல் திரும்பி வந்தன. "அழகா இருக்குதுங்க. வேண்டாங்க" என்பார். எனக்கு அவமானமாக இருந்தது. கேக்குக்கே நாட்டைவிட்டு அனுப்பினார்கள் என்றால் என் பனியனுக்கு என்ன செய்வார்கள் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

எங்கள் கம்பெனி சின்ன யூனிட். தைத்த பனியன்களை விரித்து ஓட்டை, கறை பார்க்கும் செக்கிங் டேபிளில் மரியா என்று ஒரு பெண் இருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், நர்சிங் படித்தவள். இங்கே ஆஸ்பத்திரியில் கொடுப்பதைவிட செக்கிங்கில் கூடுதலாகக் கிடைக்கிறது என்று பனியனுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரின் நிலையத்தில் ஜெர்மன் படித்தாள். பரீட்சையில் தேறிவிட்டால் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இடம் தயாராக இருந்தது. இந்த முறை தேறாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

சரக்குக் கப்பலேற வேண்டிய ஷிப்மென்ட் தேதி நெருங்க நெருங்க மரியாவால் வகுப்புக்குப் போக முடியவில்லை. நான்தான் விடவில்லை என்று எழுதினால் இன்னும் பொருத்தமாக இருக்கும். உடனே டீச்சர், நிலையத்தின் டைரக்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கேன்டீனுக்கே வர ஆரம்பித்தார். தன்னுடைய டிபன் பாக்ஸ், தன்னுடைய தண்ணீர் பாட்டில். கேன்டீன் பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால்கூட, "பெஞ்சு வாடகை இல்லீங்களா?" என்று கேட்டுக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியிலிருந்து பையர் வந்தார். பையர் என்றால் எங்களிடம் சரக்கு வாங்குகிறவர். எங்களுக்கு அவர் குலதெய்வத்துக்கு அடுத்த நிலையில் இருப்பவர். நான் முந்தின நாளே டீச்சரிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"ஒண்ணும் பேச வேண்டாங்க. பக்கத்துல சும்மா நில்லுங்க, போதும்."

"நிக்கறது வேலைங்களா?"

"இல்லீங்க."

"அப்ப நான் எதுக்குங்க?"

அவர் வரவில்லை. ஆனால் மத்தியானம் மரியாவுக்குப் பாடம் சொல்ல டிபன் பாக்ஸோடு உள்ளே நுழைந்தபோது, எதிரே பையர் தனியாக வந்தார். இரண்டு பேரும் நின்று ஜெர்மனில் ஏதோ பேசினார்கள். டீச்சர் கையை நீட்டி எதையோ சுட்டிக்காட்டினார். பையர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் மேனேஜர் மணி ஓடிவந்து போட்டோ எடுத்தான். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். மாலைக்குள் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்திலும் ஏற்றிவிட்டேன். கீழே நானே யோசித்து எழுதினேன்: "ஜெர்மன் பையருடன் எங்கள் ஜெர்மன் பிரிவு மேலாளர் முக்கியப் பேச்சுவார்த்தை. பின்னால் நான்."

யார் பார்த்தார்களோ, யார் சொன்னார்களோ தெரியாது. ஒரு காலையில் போன் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் விவகாரத்தைக் கவனிக்கும் போலீஸ் பிரிவிலிருந்து ஒரு பெண் எஸ்.ஐ. பேசினார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நாளைக்கு உங்க கம்பெனிக்கு வரேன். அந்த ஜெர்மன்காரம்மாவும் இருக்கட்டும். பாஸ்போர்ட்டோட."

மாடிக்குப் போய்ச் சொன்னேன். டீச்சர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நாய் தானாகவே தள்ளிப் படுத்தது.

"படம் யாருங்க போட்டது?"

"நாந்தானுங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் எழுந்து உள்ளே போய், பெட்டியின் ஜிப்பை ஒருமுறை இழுத்து மூடிப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்து சொன்னார். "பரீட்சை வருதுங்க. மரியாவுக்குப் பேச இன்னும் பயம். கேட்டா புரியுது, பேச வரல. இப்ப நான் போகக் கூடாதுங்க."

கம்பெனியில் மரியா என்னைப் பார்த்துக் கேட்டாள். "சும்மா இருந்திருக்கக் கூடாதா சார்? எதுக்கு அந்தப் போட்டோவப் போட்டீய? டீச்சர அனுப்பிட்டா நான் யாருட்டப் போய்ப் படிக்க?"

"ஒண்ணும் ஆவாது கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் முகம் இன்னும் வெளிறியது. நான் பார்த்துக்கொள்வேன் என்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

நான் பார்த்துக்கொண்டேன். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டு ஆடிட்டர்கள் கம்பெனியைச் சோதிக்க வருவதற்கு முன்னால், வேலை செய்கிறவர்களை வரிசையில் நிற்க வைத்து, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வைப்போம். போலீஸ் வருகிறது என்றதும் எனக்கும் மணிக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. எல்லாரையும் கூட்டி நிறுத்தினோம்.

"அந்தம்மா யாருன்னு கேட்டா?" என்று கத்தினான் மணி.

"விருந்தாளிங்க!"

"என்ன செய்யறாங்கன்னு கேட்டா?"

"ஒண்ணுமே செய்யறதில்லீங்க!"

பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி ஒரே குரலில் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீச்சரிடமும் போய், "நீங்களும் விருந்தாளின்னே சொல்லிருங்க" என்றேன்.

"நான் விருந்தாளி இல்லீங்க. வாடகை குடுக்கறேன்" என்றார்.

எஸ்.ஐ. சொன்னபடி வந்தார். கூட ஒரு கான்ஸ்டபிள். டீச்சர் என் அறையில், முருகன் காலண்டருக்குக் கீழே, பெட்டியைக் கால் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆமாம், பெட்டியோடுதான் வந்திருந்தார். எஸ்.ஐ. அந்தப் பெட்டியைப் பார்த்தார். நான் அதை நாற்காலிக்குப் பின்னால் தள்ளப் பார்த்தேன். அதையும் பார்த்தார்.

"டீ சாப்பிடறீங்களா மேடம்?"

"அப்பறம். மொதல்ல உள்ள போலாம்."

செக்கிங் டேபிளில் முதல் ஆள் சரோஜா. நாக்கு நீளம், ஆனால் நம்பிக்கையான ஆள்.

"ஒரு வெள்ளைக்காரம்மா இங்க வராங்களாமே?"

"அவங்க விருந்தாளிங்க. ஒண்ணுமே செய்யறதில்லீங்க."

அடுத்த ஆள். அதே சொற்கள், அதே இழுப்பு. எஸ்.ஐ. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவதாக இருந்த அம்மா, கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். "அவங்க விருந்தாளிங்க, ஒண்ணுமே செய்யறதில்லீங்க. குடிதண்ணி சுத்தமா இருக்குதுங்க. யாரும் திட்டறதில்லீங்க. ஓவர்டைம் எங்க விருப்பந்தானுங்க."

பழைய ஆடிட்டின் பதில்கள் பின்னாலேயே ஓடி வந்துவிட்டன. மணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். எஸ்.ஐ. பண்டல் கட்டிக்கொண்டிருந்த பீகார் பையனிடம் போனார். அவன் திருப்பூருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, தமிழ் புரியாது.

"உம் பேர் என்னப்பா?"

"அவங்க விருந்தாளிங்க" என்றான் அவன்.

யாரும் சிரிக்கவில்லை. எஸ்.ஐ. என் அறைக்குத் திரும்பி நடந்தார். பின்னால் நடந்த எனக்கு, அறையின் கண்ணாடி வழியாக டீச்சர் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்திருப்பது தெரிந்தது. மரியா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஸ்.ஐ. உட்கார்ந்து, தன்னுடைய போனில் அந்தப் படத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"இது யாரு போட்டது?"

"பின்னால நிக்கறவனுங்க."

"இவங்க உங்க மேலாளரா?"

"இல்லீங்க மேடம்."

"அப்ப எதுக்கு அப்படிப் போட்டீங்க?"

"ஒரு பெருமைக்குங்க."

"ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு உள்ள அத்தன பேருக்கும் எதுக்கு ஒத்திகை?"

எஸ்.ஐ. டீச்சர் பக்கம் திரும்பினார். பாஸ்போர்ட்டை வாங்கி, விசாப் பக்கத்தைத் திருப்பி, அதில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க சொல்லுங்க. இந்தக் கம்பெனியில வேலை செஞ்சீங்களா?"

டீச்சர் யோசித்தார். பாயசத்துக்கு யோசித்த மாதிரியே யோசித்தார். 'இல்லை' என்று ஒரு சொல், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நான் மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டேன்.

"ஆமாங்க. இங்க வேலை செஞ்சேங்க."

எஸ்.ஐ. நிமிர்ந்தார்.

"என்ன வேலை?"

"பாடங்க. மரியா எங்க நிலையத்துப் பொண்ணு. இவர் அவள வெளிய விடமாட்டாருங்க. அதனால நான் உள்ள வந்தேன். எங்க டைரக்டருக்குத் தெரியும். சம்பளம் குடுக்கறது அவர்தானுங்க."

"டைரக்டருக்குப் போன் போடுங்க."

ரிங் போனது. எடுக்கவில்லை. மறுபடி போனது. எடுக்கவில்லை. டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காபிக் கடை நாட்டில் யாருக்குப் போன் போட்டார்களோ, யார் எடுக்கவில்லையோ. மூன்றாவது முறை டைரக்டர் எடுத்து, குளித்துக்கொண்டிருந்தேன் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஆமாம், நான்தான் அனுப்பினேன், எங்கள் மாணவிதான் என்றார். எஸ்.ஐ. அவரிடம் ஏதேதோ கேட்டார். பிறகு போனை வைத்தார். ஆனால் விரல் இன்னும் விசாப் பக்கத்திலேயே இருந்தது.

"சரி, பாடம் பாடமாவே இருக்கட்டும். இந்தப் போட்டோவுல வியாபாரம் பேசறீங்களே, அது?"

"அவர் டாய்லெட் எங்கன்னு கேட்டாருங்க. காட்டினேன்."

எஸ்.ஐ. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். டீச்சரின் கை நீண்டிருக்கிற திசையில், கதவுக்கு மேலே எங்கள் டாய்லெட் போர்டு நன்றாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் நான், முக்கியப் பேச்சுவார்த்தையின் பெருமையில், நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தேன்.

"இதுக்கெல்லாம் சேர்த்து இவரு உங்களுக்கு என்ன குடுத்தாரு?"

டீச்சர் என்னைப் பார்த்தார். கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்கிற கவலையோடு நிதானமாகப் பார்த்தார்.

"தொந்தரவுங்க" என்றார்.

கான்ஸ்டபிள்தான் முதலில் சிரித்தார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை, ஆனால் விரல் பாஸ்போர்ட்டைவிட்டு எழுந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "பாடம் எல்லாம் இனி நிலையத்துல மட்டும். இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. இன்னொருக்கா கேள்விப்பட்டா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அந்தப் போட்டோவ என் கண்ணு முன்னால எடுங்க."

எடுத்தேன். அதோடு விட்டேனா? வாசலுக்கு அனுப்பும்போது பழக்கதோஷத்தில் என் கை ஒரு கவரை எடுத்து நீட்டிவிட்டது. பின்னால் டீச்சர் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது.

"இது என்ன?" என்றார் எஸ்.ஐ.

"சும்மாங்க மேடம். ரெண்டு பனியனுங்க."

"இப்பத்தான் ஒரு கேஸுலருந்து தப்பிச்சிருக்கீங்க. உள்ள வைங்க."

ஜீப் முனை திரும்பும்வரை டீச்சர் அசையாமல் நின்றார். பிறகு என்னிடம் வந்தார். குடிவந்ததிலிருந்து அவர் என்னிடம் எந்த உதவியும் கேட்டதில்லை.

"மரியாவ மத்தியானம் வெளிய விடுங்க."

"ஷிப்மென்ட் தலைக்கு மேல இருக்குதுங்க டீச்சர். அவ போனா செக்கிங்ல யாரு உக்கார்றது?"

டீச்சர் உள்ளே எட்டி மரியாவின் காலி ஸ்டூலைப் பார்த்தார். "நான் உக்கார முடியாதுங்க. உங்களுக்கு விசா வேண்டாமே. நீங்க உக்காருங்க."

மரியா, கைகளைத் துடைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்தபடி நின்றாள். மணியும் பார்த்தான். சரோஜாவும் பார்த்தாள். இத்தனை பேர் பார்க்கும்போது இல்லை என்று சொல்லிப் பழக்கம் எனக்கு இல்லை. அதுவும் பெருமை சம்பந்தப்பட்டதுதான்.

அன்றிலிருந்து பரீட்சை வரைக்கும் மத்தியானத்துக்கு மேல் மரியாவின் ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். இந்தக் கதையில் உண்மையாகவே இரண்டாவது வேலை பார்த்த ஒரே ஆள் நான்தான். சரோஜா எனக்கு மேஸ்திரி. "ஏனுங் ஓனர், இம்மாம் பெரிய ஓட்டை கண்ணுக்குத் தெரியலீங்களா? மரியா கையில இது தப்புமா? பிரிச்சுப் பாருங்க, தடவிப் பாக்காதீங்க, அதென்ன நாய்க்குட்டியா?" சாயங்காலம் கழுத்து திரும்பாது. என் மனைவி தைலம் தேய்த்துக்கொண்டே, "நெம்ப நாள் கழிச்சு வேலைக்குப் போய்ட்டு வந்திருக்கீங்க" என்பாள்.

மரியா பரீட்சை எழுதினாள். பேசும் பரீட்சைக்குக் கோயம்புத்தூர் போன அன்று டீச்சர் மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கினார். முடிவு வந்தபோது மரியா எங்கள் வாசலில் நின்று, தேறிவிட்டேன் என்பதை முதலில் ஜெர்மனில் சொன்னாள். டீச்சர் ஒரு இடத்தைத் திருத்தி, மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னாள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதார்கள்.

ஒப்பந்தம் முடிந்து டீச்சர் ஊருக்குக் கிளம்பிய அன்று, கார் வாசலில் நின்றது. பெட்டி ஏற்கெனவே தயார். அது என்றைக்குத் தயாராக இல்லை? நான் வெறுங்கையோடு நின்றேன், ஜென்மத்தில் முதல்முறையாக. அவர் என்னிடம் கையை நீட்டினார்.

"நேத்தோட வேலை முடிஞ்சுதுங்க. இப்ப பனியன் வாங்கிக்கலாம்."

உள்ளே ஓடி, கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்து வந்தேன். சுடிதாருக்கு மேலேயே போட்டுக்கொண்டார். கக்கத்தில் ஓட்டை. என் கையால் செக் செய்து ஓகே போட்ட சரக்கில் ஒன்று. டீச்சர் அந்த ஓட்டை வழியாக ஒரு விரலை வெளியே நீட்டி, முன்பு விதியைச் சொல்லும்போது காட்டிய அதே விரலை, என் மூக்குக்கு நேராக ஆட்டினார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கார் போன பிறகும் நாய் படிக்கட்டில் தள்ளியே படுத்திருந்தது.

இப்போது மரியா ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவள் இருக்கும் ஊரிலேயே என்னுடைய புதிய பையர் ஒருவரின் கடையும் இருக்கிறது என்று போன வாரம் தெரிந்துகொண்டேன். எனக்குக் கை சும்மா இருக்குமா? உடனே மெசேஜ் தட்டினேன். "கண்ணு, நல்லா இருக்கியா? ஒரு சின்ன விஷயம். சாம்பிள் பார்சல் ஒண்ணு உனக்கு அனுப்பறேன். லீவு நாள்ல அந்தக் கடைக்குப் போயி, நம்ம கம்பெனியப் பத்தி ரெண்டு வார்த்தை ஜெர்மன்ல பேசிக் குடுத்துட்டு வந்துரு. சும்மாதான். பெரிய வேலையெல்லாம் ஒண்ணுமில்ல."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"அது வேலைதான் சார்."